வல்லாரைச் சாறும் கலங்கிய தொட்டியும்

வசந்தமலர் அக்கா களுபோவில ஆஸ்பத்திரியில் காலமாகிவிட்டார் என்று அவருடைய தங்கை தொலைபேசியில் சொன்னபோது நான் வெள்ளவத்தை பஸ்ஸில் இருந்தேன். இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். அன்றிலிருந்து ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. எங்களோடு வேலை செய்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

யுத்த காலத்தில் மட்டக்குளிப் பக்கம் ஒரு மீன் ஆய்வுகூடத்தில் அவர் ஆய்வாளர், நான் உதவியாளர். நெருக்கமாக அடைத்து வளர்க்கும் திலாப்பியா மீன்களின் இரத்தத்தில் பதற்றத்தில் சுரக்கும் ஓமோன் (ஹார்மோன்) கூடும். கூடினால் மீன் தின்னாது, நோய் பிடிக்கும். வல்லாரைச் சாறு கலந்த தீனி அதைக் குறைக்குமா என்பதே அக்காவின் கேள்வி. தொட்டிக்குக் கிட்ட யாராவது உரத்துக் கதைத்தால், "மீனுக்கும் காது கேக்கும்" என்பார்.

இரத்தம் எடுக்கவேண்டிய நாளன்று காலை இராணுவம் சோதனைக்கு வந்தது. தொட்டிகளுக்குள் கம்பி விட்டுக் கிளறினார்கள். மீன்கள் துள்ளிச் சுவரில் மோதின. அக்கா யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்று அடையாள அட்டையில் கண்ட ஒருவர் பச்சைப் போத்தலைத் தூக்கி, என்ன இது என்று சிங்களத்தில் அதட்டினார்.

"கொட்டுகொல, மஹத்தயா" என்று வல்லாரையின் சிங்களப் பெயரை ‘ஐயா’ என்ற மரியாதையோடு சொல்லி, மூடியைத் திறந்து ஒரு மிடறு குடித்துக் காட்டினார் அக்கா.

அவர்கள் போனதும், "இன்னொரு நாளைக்கு எடுப்பமே, அக்கா" என்றேன்.

"இல்லை, இப்பவே. குறிச்ச நாள் தப்பக்கூடாது. ஊசியைத் தாரும்."

ஊசி பிடித்த கையை மற்றக் கையால் பிடித்துக்கொண்டே அக்கா இரத்தம் எடுத்தார்.

சோதனையில் மிரண்டதால், வல்லாரை தின்ற மீனுக்கும் தின்னாத மீனுக்கும் ஓமோன் ஒரே உச்சத்தில் இருந்தது. அக்கா முதலிலிருந்து தொடங்கினார். இரண்டாம் முறை, வழக்கமான நெரிசலில், வல்லாரை தின்ற மீன்களிடம் அது குறைவாக இருந்தது. இரண்டையும் அறிக்கையில் எழுதினார், முதல்முறை என்ன நடந்தது என்பதையும்.

ஆய்வுகூடப் பொறுப்பாளர் அக்காவைக் கூப்பிட்டார். "ஆமிச் சோதனை எண்டு எழுதாதேங்கோ. தொட்டி கலங்கிப்போச்சு எண்டு போடுங்கோ. உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன்."

"தொட்டி தானாக் கலங்கேல்லை, சேர்."

"அப்ப அந்தப் பந்தியை நான் வெட்டவேணும்."

"வெட்டுங்கோ. என்ர பேரையும் சேத்து வெட்டுங்கோ."

பந்தியையும் பேரையும் வெட்டினார். வெளியே வந்த அக்கா எங்கள் வேலை அறைக்குள் அங்குமிங்கும் நடந்தார். ஊற்றிய தேநீர் ஆறிப்போனது. "நான் சரியாச் செய்தனானோ?" என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் தண்ணீர் மாற்றப் போய்விட்டார். பிறகு ஒருநாளும் கேட்கவில்லை.

அக்காவின் பெயர் இல்லாத அந்த அறிக்கையை இன்றும் சிலர் எடுத்துப் படிக்கிறார்கள். அந்த ஆய்வைச் செய்தவர் வசந்தமலர் சிற்றம்பலம். அன்று அவர் பதில் கேளாமல் விட்டுப்போன அந்தக் கேள்வி மட்டும் என்னிடம் இருக்கிறது.

ஓம், அக்கா. சரியாத்தான் செய்தனீங்கள்.