குருசடி வளைவில் இஞ்ஞாசி

உலகத்தில் எத்தனையோ பேர் சைக்கிளிலிருந்து விழுகிறார்கள். ஆனால் இனயம் கடற்கரை இஞ்ஞாசியைப் போல இத்தனை ஒழுங்காக, இத்தனை விசுவாசத்தோடு, ஒரே வளைவில் விழுந்த இன்னொரு மனிதரை எனக்குத் தெரியாது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை பரபரக்கிறது.

ஐம்பத்தொன்றாம் வருஷம். விடிந்து வலை கரையேறியதும் சாளையையும் அயிலையையும் ஓலைப்பெட்டியில் அடுக்கி, கேரியரில் கயிறு போட்டு இறுக்கி, தக்கலைக்கு மிதிப்பதுதான் இஞ்ஞாசியின் தொழில். அங்கே நாராயணபெருமாளின் சோற்றுக்கடையில் மதியக் குழம்பு இவருடைய மீனுக்காகக் காத்திருக்கும். இவருக்கும் அந்த ஒரு கடைதான் பிழைப்பு.

கருங்கல் ஊரைத் தாண்டியதும் ஓர் இறக்கம். அதன் அடியில் சாலை வலப்பக்கம் திரும்பும். தாரைக் கண்ணால் கண்டிராத சாலை. உருண்டை உருண்டையான செஞ்சரல் கற்கள், சக்கரத்துக்கு அடியில் கடலை மாதிரி உருண்டோடும். வளைவின் இடது ஓரத்தில் அந்தோணியார் குருசடி, படி வைத்த சின்னச் சிலுவைக்கோயில். எதிரே பகவதியம்மாளின் சாயாக்கடை.

குருசடியைக் கண்டு சிலுவை போடாமல் போகிற கடற்கரைக்காரன் உண்டா? வளைவின் நடுவில் இஞ்ஞாசியின் வலது கை ஹாண்டிலை விட்டு நெற்றிக்குப் போகும். கண் அந்தோணியாரிடம் போகும். இடது கை பயத்தில் பின் பிரேக்கைப் பிடித்து நசுக்கும். பின்சக்கரம் சுற்றாமல் நின்று சரலில் வழுக்கும். கண் போன பக்கமே சைக்கிளும் போகும். 'பிதா, சுதன்' வரைக்கும் சைக்கிளில் இருப்பார். 'பரிசுத்த ஆவி'யைத் தரையில் கிடந்து சொல்வார்.

விழ விழ அவருக்குப் புரிந்தது ஒன்றுதான்: பக்தி போதவில்லை. எனவே சிலுவை போட்டதோடு தலையையும் தாழ்த்தினார். இன்னும் பலமாக விழுந்தார். அவர் மனைவி செல்லக்கனி ஹாண்டிலில் ஒரு சின்ன அந்தோணியார் சுரூபத்தைக் கட்டிவிட்டாள். அதன் பிறகு வளைவின் நடுவில் குனிந்து அதற்கு முத்தமும் கொடுத்தார். முதல் முத்தத்தன்று மீன்பெட்டி குருசடியின் படிவரைக்கும் போயிற்று.

பகவதியம்மாள் ஒவ்வொரு முறையும் ஓடிவந்து மீன் பொறுக்கிக் கொடுப்பாள். நசுங்கியதைத் தன் சட்டியில் ஒதுக்கிக்கொள்வாள். இஞ்ஞாசி சைக்கிள் வாங்கிய நாளிலிருந்து அவள் மீனுக்குக் காசு கொடுத்ததில்லை. அவர் ஏன் விழுகிறார் என்பதும் அவளுக்கு முதல் வாரமே தெரியும். வேற்று மதத்து விஷயத்தில் தலையிடுவது மரியாதையில்லை என்று பேசாமல் இருந்துவிட்டாள். அவளுடைய பூனைகளும் இஞ்ஞாசி வரும் நேரத்துக்குக் குருசடிக்கு எதிரே வரிசையாக வந்து உட்கார்ந்துவிடும்.

ஒருநாள் தக்கலையில் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் அயிலைக்கு நடுவே சரலைக் கடித்துப் பல்லைத் தெறிக்கவிட்டார். நாராயணபெருமாள் பொறுமை இழந்தார். நாளைக்கும் மீனில் ஒரு கல் கிடந்தால் இனி இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

திரும்பும் வழியில் இஞ்ஞாசி சாயாவைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு பகவதியம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். கடை போனால் தலைச்சுமையாக ஊர் ஊராய் நடக்க வேண்டியதுதான் என்றார். பிறகு கண்ணைத் துடைத்தார்.

"நாளைக்கு ரெண்டு முத்தம் குடுத்துப் பாக்கணும் அக்கா."

பகவதியம்மாள் யோசித்தாள். இவன் வராவிட்டால் சாளை ஏது, அயிலை ஏது?

"மக்கா, நீ முத்தம் குடுக்காண்டாம். நீ வளைவுல வச்சு கும்பிடதுனாலயாக்கும் விழுகது."

"அப்பிடிச் சொல்லாதயுங்க அக்கா. அவரு கேட்டுக்கிட்டு நிக்காரு."

"கேக்கட்டு. கும்பிடதெல்லாம் மேட்டுலயே கும்பிட்டுரு. பிரேக்கும் அங்கயே பிடிச்சு பைய இறங்கு. வளைவுக்குள்ள வந்தா ஒரு சோலியும் பாக்காத. மாட்டுவண்டிச் சக்கரம் போன தடத்துல சரல் கெடக்காது, அதுல போ. சாயாத, நேரா இரி. இடது காலைத் தாழ்த்தி அதுல பாரத்தை ஊணு. கண்ணு போவ வேண்டிய ரோட்டைப் பாக்கட்டு."

"மேட்டுல நின்னு கும்பிட்டா அவருக்குத் தெரியுமா?"

"உங்க ஆளுவ நடுக்கடல்ல கெடந்து கும்பிடது தெரியுது. மேட்டுல கும்பிடது தெரியாதோ?"

இஞ்ஞாசி ஆறிப்போன சாயாவை ஒரே மடக்கில் குடித்தார். இதை ஏன் முன்னமே சொல்லவில்லை என்று கேட்டார். பகவதியம்மாள் அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டாள். அடுப்பில் அவருடைய மீன்தான் கொதித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் மேட்டிலேயே இஞ்ஞாசி சிலுவை போட்டார், தலை குனிந்தார், சுரூபத்துக்கு முத்தம் கொடுத்தார், பிரேக்கையும் பிடித்தார். மாட்டுவண்டித் தடத்தில் ஆமை மாதிரி இறங்கினார். இடது கால் கீழே. உடம்பு நட்டுவைத்த கம்பு. குருசடி கடைக்கண்ணில் வந்து இழுத்தது. கழுத்து தானாக அந்தப் பக்கம் திரும்பப் பார்த்தது. மன்னிக்கணும் அந்தோணியாரே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு ரோட்டையே பார்த்தார். பூனைகள் எழுந்து நின்றன. சாயாக்கடையில் பால் பொங்கி அடுப்பை அணைத்தது, பார்க்க ஆளில்லை.

சைக்கிள் திரும்பிவிட்டது! இதை எழுதும்போது நானே பேனாவை வைத்துவிட்டுக் கைதட்டினேன். நன்றி சொல்லக் கையைத் தூக்க வேண்டும் போலிருந்தது அவருக்கு. தூக்கவில்லை. தக்கலை வரைக்கும் மூக்கு அரித்தது. அதற்கும் தூக்கவில்லை.

நாராயணபெருமாள் மீனை ஒவ்வொன்றாகச் செவுளைத் தூக்கிப் பார்த்தார். கழுவிய தண்ணீரைக் கலக்கிப் பார்த்தார். கடைசியில் அவரே ஒரு துண்டை வாயில் போட்டு, பல்லுக்குப் பயந்து பயந்து மென்றார்.

"நாளைக்கும் கொண்டு வாலே" என்றார்.

திரும்பும்போது இஞ்ஞாசி சாயாக்கடையில் இறங்கி, எடுத்து வைத்திருந்த நல்ல அயிலையாகப் பார்த்துத் தேக்கிலையில் பொதிந்து கொடுத்தார். பகவதியம்மாள் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். நசுங்காத மீனை வெட்டிப் பழக்கமில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டாள்.

பூனைகளுக்குத்தான் யாரும் எதுவும் சொல்லவில்லை. அவை தினமும் காலையில் குருசடியைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருக்கும். இந்த ஊரில் பூனைக்குக்கூட என்ன பக்தி என்று வழிப்போக்கர்கள் நின்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள். சைக்கிளில் வந்தவர்கள் இறங்கி நின்றுதான் கும்பிட்டார்கள். பகவதியம்மாள் வளைவுக்கு முன்னாலேயே கைகாட்டி இறங்க வைத்துவிடுவாள்.