பந்தியில் தூக்கிய கை

எனக்கு எதையும் முழுதாகப் பார்க்கப் பொறுமை கிடையாது. ஒரு காட்சி ஓடத் தொடங்கினாலே எங்கே வெட்டலாம் என்று கை பரபரக்கும். அதையே பிழைப்பாகவும் ஆக்கிக்கொண்டேன். வத்தலக்குண்டு பழைய இரும்புக்கடைக்கு வரும் கல்யாண வீடியோ கேசட்டுகளை அள்ளிவந்து, செண்பகனூரில் ஒரு டீக்கடை மாடியில் உட்கார்ந்து, யாரோ எடுத்ததை வெட்டி ஒட்டி என் படமாக்குகிறேன். "இதெல்லாம் ஒரு சோலியா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை.

அந்த முறை ஒரு திரைப்பட விழாவில் என் படத்தைக் கேட்டிருந்தார்கள். மறுநாள் அனுப்பியாக வேண்டும். படத்தின் உயிரே ஒரு துண்டுதான். பந்தியில் ஒருவர் கவளத்தைத் தூக்குகிறார், வீடியோ லைட் முகத்தில் அடிக்க, கண்ணைச் சுருக்குகிறார். வாய்க்குப் போகுமுன் வெட்டி, திரும்பத் திரும்ப ஓடவிட்டிருந்தேன். பார்த்த நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

டீ கொண்டுவந்த கடைக்கார அக்கா திரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்து பண்ணைக்காட்டில் குடியேறிய குடும்பம் அவருடையது.

"எங்க அப்பாங்க. சித்தி கல்யாணத்துல. அவரு செத்தபொறகு பாக்க ஒரு போட்டோகூட எங்ககிட்ட இல்லதானே."

அந்தத் துண்டை எடுத்துவிடச் சொன்னால் படமே போச்சு.

"சாப்புட விடுங்க தம்பி," என்றார். "பந்தியில ஒக்காந்தவர இப்பிடியா பண்ணுவாங்க?"

அவர் சாப்பிடுவது மிச்சத்தில் இருக்கிறதா என்று கேசட்டைப் போட்டு ஓட்டினேன். எழவு, அந்த வீடியோக்காரரும் என்னைப் போல அவசரக்காரர். கவளம் வாய்க்கு எட்டுமுன் கேமராவை மாப்பிள்ளை பக்கம் திருப்பிவிட்டார். கேசட் முழுக்கத் தேடினோம். அப்பா மறுபடி எங்குமே வரவில்லை.

"அப்ப சோத்த எலையிலயே வச்சிரச் சொல்லுங்க. எம்புட்டு நேரந்தான் கையத் தூக்கிக்கிட்டே இருப்பாரு?"

காட்சியைப் பின்னோக்கி ஓடவிட்டேன். கை மெல்ல இறங்கியது, சோறு இலைக்கே போனது. அதோடு நிறுத்தினேன். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே போனார். அப்பாடா, படம் தப்பித்தது என்று இருந்தது எனக்கு.

மறுநாள் வெள்ளனே மாடியேறி வந்தார். கண்கள் வீங்கியிருந்தன.

"அப்படின்னா அவரு பசியோடதானே எந்திரிச்சிருப்பாரு, தம்பி?"

"சாப்பிட்டிருப்பாருக்கா," என்றேன். எனக்கு என்ன தெரியும்? அன்றைக்கு நான் படத்தை அனுப்பவில்லை.