தலை மட்டும் மிஞ்சிய மடவைகள்

யாரையும் நம்பாத ஒருத்தியால் நியாயமாக நடந்துகொள்ள முடியுமா? சீனிவாசபுரத்துத் தேசம்மாவின் வாழ்க்கை இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. மீன் வாங்குகிறவர்கள் அவள் தராசைச் சந்தேகப்பட்டார்கள். அவள் அவர்களின் விரல்களைச் சந்தேகப்பட்டாள். ஐஸ் போடுகிறவன், ஆட்டோக்காரன் என்று யாரையும் விட்டுவைக்கவில்லை. கேட்டால் அனுபவம் என்பாள். அது பாதி உண்மை.

கணவன் கடலோடு போன பிறகு, அடையாறு கடலில் சேரும் இடத்தில், உடைந்த பாலத்துக்குப் பக்கத்தில் இரண்டு கழி நட்டுச் சிறு வலை ஒன்று கட்டிவந்தாள். சாயங்காலம் கட்டி, விடிந்ததும் எடுப்பாள். மாட்டிய மடவை மீனை மயிலாப்பூர்த் தெருக்களில் விற்பாள்.

மார்கழியில் ஒருநாள் வலையில் தலைகள் மட்டும் இருந்தன. செவுள் வரை வலைக்கண்ணில் மாட்டியிருக்க, அதற்குப் பின்னால் உடலே இல்லை. மறுநாளும் அப்படியே.

வேறு யாராக இருந்தாலும் ஏதோ பிராணி என்று நினைத்திருப்பார்கள். ஆனால் தேசம்மாவின் புகுந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அவசரத்துக்குப் பங்காளியின் வலையில் மீன் எடுக்கலாம். தலையை வலையிலேயே விட்டுவிட்டு, அன்றைக்கே வீடு தேடி வந்து சொல்லிவிட வேண்டும். தலையையும் விட்டு, சொல்லவும் வராமல் இருந்தால் அது வெறும் திருட்டில்லை, ஏளனம். அந்த உரிமை உள்ள பங்காளி ஒருவன்தான் மிச்சம்: கணவனின் அண்ணன் மகன் ஜான்சன். வெட்டு ஏன் இப்படிக் கோணலாக இருக்கிறது என்று ஒரு கணம் யோசித்தாள். குடித்த கை என்று முடிவுகட்டினாள்.

அன்று மாலையே ஜான்சன் வீட்டுப் பக்கம் நடந்தாள். அவன் மனைவி ரோஸி வாசலுக்கு வந்தாள்.

“இன்னா அத்தே, எங்க வூட்டுக் கொழம்ப மோந்து பாக்க வந்தியா?”

“மோந்துட்டேன். கருவாட்டு வாசனதான் அடிக்கிது. அதான்டி டவுட்டு. புது மீன் எங்க போச்சி?”

உள்ளேயிருந்து ஜான்சன் கத்தினான். “சித்தி, மாதா மேல சத்தியமா நான் தொடல!”

“சத்தியம் பண்றவன நான் நம்புறதே இல்ல” என்று சொல்லிவிட்டு ஊர்ப் பஞ்சாயத்துக்குப் போனாள். குற்றம் உறுதியானால் ஜான்சன் ஒரு வருஷம் ஆற்றில் இறங்கக் கூடாது என்றார் தலைவர். ஜான்சனுக்குப் படகு கிடையாது. ஆறுதான் அவன் அடுப்பு. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் என்று முடிவாயிற்று.

சனிக்கிழமை டீக்கடை டிவியில் பனிக்காட்டுப் படம் ஒன்று ஓடியது. வேட்டைக்காரன் பொறி வைத்துப் போகிறான். கரடிக்குட்டி போல ஒரு விலங்கு அவன் காலடித் தடத்தைப் பிடித்துக்கொண்டே வந்து ஒவ்வொரு பொறியிலும் மாட்டியதைத் தின்றுவிட்டுப் போகிறது. வுல்வரின் என்றது குரல். நம் ஆறுகளில் வாழும் நீர்நாய்க்கு அது சொந்தமாம்.

“டிவிக்காரன் இன்னா வேணா சொல்லுவான்” என்றாள் தேசம்மா. ஆனால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

ஞாயிறு விடியலில் பாலத்தின் தூணுக்குப் பின்னால் போய் நின்றாள். ஜான்சனைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் வந்ததாக அப்போதும் தனக்குச் சொல்லிக்கொண்டாள். தண்ணீரில் பழுப்பாக ஒரு தலை எழும்பியது. மீசையில் நீர் சொட்ட, அது வலையில் மாட்டியிருந்த மடவையை வாலிலிருந்து கடிக்கத் தொடங்கிச் செவுள் வரை தின்றது. தலை வலைக்கண்ணில் இறுகியிருந்ததால் அதை இழுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது. பிறகு தூண் பக்கம் திரும்பி, அவளை நம்பாமல், நெடுநேரம் பார்த்தது.

கூட்டத்தில் தேசம்மா எழுந்தாள். “ஜான்சன் எடுக்கல. தப்பா சொல்லிட்டேன்.”

“பின்ன யாரு?” என்றார் தலைவர். “நாய் கீய் எதுனா கீதுன்னா சொல்லு. மருந்து வெச்சிக் கொன்னுடலாம்.”

“தெரியாது.”

“இப்ப யார் மேல சந்தேகம் அத்தே? பங்குச் சாமியார் மேலயா?” என்றாள் ரோஸி. எல்லோரும் சிரித்தார்கள். தேசம்மா வீட்டுக்கு நடந்தாள்.

அன்று சாயங்காலம் ஜான்சன் தேடி வந்தான். “வலைய வேற எடத்துல கட்டலாம் சித்தி, நானே கழி நட்டுத் தரேன்” என்றான். தேசம்மா வேண்டாம் என்றாள். இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, அதே கழிகளில், அதே இடத்தில் வலையைக் கட்டினாள்.