பூநாரை பார்க்கச் சீட்டுக் குலுக்கிய கதை

வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மினா இருக்கறது சம்பளமும் இல்லாத, லீவும் இல்லாத உத்தியோகம். விட்டுட்டு ஓடலாம்னா அதுக்கும் இன்னொரு ஏமாளி சிக்கணும். அபார்ட்மெண்ட் குழுவோ, பள்ளிக்கூடத்துப் பெற்றோர் குழுவோ நடத்தி நொந்துபோனவங்க யாராவது இதைப் படிச்சா, வாங்க, பக்கத்துல உக்காருங்க. உங்க கஷ்டம் எனக்குத் தெரியும்.

என் பேரு மெஹருன்னிசா. பழவேற்காடு பஜார்ல ரீசார்ஜும் ஜெராக்ஸும் போடற சின்னக் கடை வெச்சிருக்கேன். ஏரியில மீன் பிடிக்கறவங்க ரீசார்ஜுக்கு வருவாங்க. பறவைப் படம் எடுக்க மெட்ராஸ்ல இருந்து வர்றவங்க மெமரி கார்டு கேட்டு வருவாங்க. ரெண்டு கூட்டமும் ஒருநாள் என் கடை வாசல்ல நின்னு பேசிக்கிட்டே, ஏரியில எந்தப் பறவை வந்தாலும், எந்தக் கேடு வந்தாலும் எல்லாருக்கும் உடனே தெரியணும், ஒரு குழு ஆரம்பிச்சிடலாம்னு முடிவு பண்ணாங்க. ரெண்டு பக்கத்து நம்பரும் என்கிட்டதான் இருந்தது. மாட்டிக்கிட்டேன். எனக்குத் தெரிஞ்ச ஒரே பறவை கோழி. அதுவும் மசாலாவோட.

கம்பத்து மேல ஒரு கழுகு

எங்க குழுவுல ரொம்ப ஆர்வமான ஆளு சந்தானம் சார். பேங்க்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், வீடு அம்பத்தூர்ல. அவர் கேமரா லென்சைத் தூக்கறதுக்கே தனியா ஒரு தோள் வேணும். ஒருநாள் காலையில ஒரு படம் போட்டாரு. ஏரி நடுவுல ஒரு கழி, கழி மேல கறுப்பா, சிறகை விரிச்ச மாதிரி ஒண்ணு. 'இது என்ன கழுகு? இதுவரை இங்கே யாரும் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்'னு கீழ எழுதியிருந்தாரு.

அவ்வளவுதான், என் போன் சூடாயிடுச்சு. ஒருத்தர் பருந்துன்னாரு. இன்னொருத்தர், இல்ல, நீர்க்காகம் சிறகைக் காயவைக்குதுன்னாரு. சுண்ணாம்புக்குளத்துல டீச்சரா இருக்கற குமாரி, பறவைப் புத்தகத்துல நாலு பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டாங்க. ரெண்டு பேருக்கு நடுவுல சண்டையே வந்து, நான் கடையில கஸ்டமரை நிக்கவெச்சிட்டு 'அமைதி, அமைதி'னு டைப் அடிச்சிட்டிருக்கேன்.

சாயங்காலம் தேசப்பண்ணன் எழுந்தாரு. ஏரியில விடிய விடிய வலை கட்டிட்டுப் பகல்ல தூங்கற மனுஷன். டைப் அடிக்க மாட்டாரு, எல்லாம் குரல்தான். குழுவுல அவர் குரல் வந்துச்சு: "தங்கச்சி, அது நம்ம கழிதான். படகு வந்து வலையில மோதாம இருக்கணும்னு நான்தான் கறுப்பு கவரு கட்டி வுட்டேன். அது பறந்து கிறந்து பூடுச்சுன்னா சொல்லு, வேற கட்டணும்."

பதினொரு மணிக்கு மேல

குழு ஆரம்பிச்ச கொஞ்ச நாள்ல என் நம்பர் எங்கெங்கயோ போயிடுச்சு. தெரியாத நம்பர்ல இருந்து போன் வரும். 'பூநாரை இன்னிக்கு இருக்கா?' 'கிட்டக்க வருமா?' 'மழை வந்தா கேன்சலா?' நான் என்னமோ உள்ள கூண்டுல அடைச்சு வெச்சிருக்கற மாதிரி கேப்பாங்க.

குமாரி டீச்சர் பாவம், தினமும் காலையில உருப்படியான ஒரு விஷயம் போடுவாங்க. முகத்துவாரம் மண்ணு மூடிக்கிட்டு வருது, கடல் தண்ணி உள்ள வரலன்னா ஏரி செத்துப்போகும், கரையெல்லாம் பிளாஸ்டிக், இறால் குறையுது. அதுக்கெல்லாம் கட்டைவிரல் காட்டறது தேசப்பண்ணன் ஒருத்தர்தான். பூநாரை படம்னா மட்டும் பூவும் இதயமுமா கொட்டும். டீச்சர் ஒருதடவை நொந்துபோய், 'இனிமே நான் முகத்துவாரத்தைப் பத்தி எழுதினாலும் கூடவே ஒரு பூநாரை ஒட்டித்தான் போடணும் போலிருக்கு'ன்னாங்க. அப்படியே போட்டும் பார்த்தாங்க. அன்னிக்கு எல்லாரும் படிச்சாங்க.

ஒரு அம்மா போன் பண்ணி, பசங்க லேட்டாதான் எழுந்திருப்பாங்க, பதினொரு மணிக்கு மேல வந்தா பூநாரை இருக்குமான்னு கேட்டாங்க. வெயில் ஏறிட்டா தூரமாப் போயிடும்மான்னு பொறுமையாச் சொன்னேன். அதுக்கு அந்த அம்மா கேட்டாங்க: "பரவாயில்லங்க, நண்டு வறுவலாவது பதினொரு மணிக்கு மேல இருக்குமா?"

யாருக்கும் அனுப்ப வேண்டாம்

குழுவுல ஒரே ஒரு கண்டிப்பான சட்டம் வெச்சிருந்தோம்: பறவை இருக்கற இடத்தோட லொகேஷனை யாரும் போடக்கூடாது. இந்த வருஷம் மழை ஓஞ்சதும் தேசப்பண்ணன் குரல் அனுப்பினாரு. அவர் குப்பத்துக்கு எதிர்ல, ஆழமில்லாத தண்ணியில பூநாரை கூட்டமா இறங்கியிருக்கு, கரையில நின்னு பார்த்தாலே ரோஸ் கலர் தெரியுதுன்னு. அவ்வளவு கிட்ட அவரே பார்த்ததில்லையாம். மனுஷன் குரல்ல அப்படி ஒரு சந்தோஷம். சந்தானம் சார் மறுநாளே ஓடிவந்தாரு. தேசப்பண்ணன் கழி போட்டுத் தள்ளற படகுல சத்தமில்லாம கூட்டிட்டுப் போய்க் காட்டினாரு. அன்னிக்குன்னு பார்த்து கேமரா பேட்டரி தீர்ந்துபோச்சு. படம் கிடைக்காட்டியும், திரும்பி வந்த சார் கண்ணு சந்தோஷத்துல கலங்கியிருந்துச்சு.

அந்தச் சந்தோஷத்துல, வீட்டுக்குப் போனவர் தன் அபார்ட்மெண்ட் குழுவுல இடத்தோட லொகேஷனைப் போட்டுட்டாரு. கீழ 'தயவுசெய்து யாருக்கும் அனுப்ப வேண்டாம்'னு வேற எழுதியிருந்தாரு. அந்த வரியோட சேர்த்துத்தான் எல்லாரும் எல்லாருக்கும் அனுப்பினாங்க. ரெண்டு நாள்ல என் கடைக்கே அது சுத்தி வந்துச்சு. ஞாயித்துக்கிழமை வேன் பிடிச்சு வரோம், இன்ஜின் படகு ஏற்பாடு பண்ணுங்கன்னு ஊர்பேர் தெரியாதவங்க கேக்கறாங்க.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். ஏரியில நல்லா இறால் கிடைக்கற இடங்களுக்குப் பாடுன்னு பேரு. யார் எந்த நாள் அங்க வலை கட்டலாம்னு குப்பத்துல சீட்டுப் போட்டு முறை வெப்பாங்க. உன் முறை அன்னிக்கு நீ மட்டும்தான். அன்னிக்கு விட்டுட்டா அடுத்த சுத்து வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கணும். பூநாரை இறங்கின இடத்துக்கு அப்படி ஒரு பாடு வழியாத்தான் போகணும். ஞாயித்துக்கிழமை முறை யாருதுன்னு நினைக்கறீங்க? மழைக்காலம் பூரா தொழில் இல்லாம இருந்த தேசப்பண்ணனோடதுதான். கடைக்கு வந்தவர் கோவமாக்கூடப் பேசல. "இன்ஜின் படகு வந்துச்சுன்னா வலையும் கிழியும், இறாலும் பூடும், பூநாரையும் பூடும். அப்பால நானும் இந்தக் குரூப்ல இருந்து பூடறேன் தங்கச்சி. இன்னா, போவட்டா?"

டேக்சாவுல சீட்டு

தேசப்பண்ணன் போயிட்டா கூடவே குப்பத்து ஆளுங்க அத்தனை பேரும் போயிடுவாங்க. அப்புறம் அந்தக் குழு எதுக்கு? மெட்ராஸ்காரங்க ஒருத்தருக்கொருத்தர் காலை வணக்கம் சொல்லிக்கவா? எனக்கு வந்த ஆத்திரத்துல சந்தானம் சாருக்குப் போன் போட்டு, ரிட்டயர் ஆன மனுஷன்னுகூடப் பார்க்காம வாங்கு வாங்குன்னு வாங்கிட்டேன். மறுநாள் கடைக்கே வந்துட்டாரு. தேசப்பண்ணனும் வந்தாரு. டீ வாங்கிக் கொடுத்து உக்காரவெச்சேன்.

போலீஸ்ல சொல்லலாமா, போர்டு வைக்கலாமான்னு சந்தானம் சார் என்னென்னவோ கேட்டாரு. வர்றவங்களைத் தடுக்க நமக்கு என்ன அதிகாரம்னு நான் கேட்டேன். பாடுன்னா என்னன்னு அவருக்கு அன்னிக்குத்தான் தெரியும். முழுசாக் கேட்டுட்டு, டீ டம்ளரைக் கீழ வெச்சாரு. "ஒரே இடத்துக்கு எல்லாரும் ஆசைப்பட்டா சீட்டு, அவ்வளவுதானே? எங்களுக்கும் போடுங்களேன். பாட்டுல யாரும் வலை கட்டாத நாளாப் பார்த்து, இன்ஜின் இல்லாத படகு, ஒரு நாளைக்கு ஒரே படகு."

தேசப்பண்ணன் முதல்ல சிரிச்சாரு. அப்புறம் குப்பத்துப் பெரியவங்ககிட்ட கேட்டாரு. அவங்களும் சிரிச்சிட்டு, சரி, ஆனா ஞாயித்துக்கிழமை ஒரு ஈ காக்கா வரக்கூடாதுன்னாங்க. லொகேஷன் எங்கெங்க போச்சோ அங்கெல்லாம், ஞாயித்துக்கிழமை வராதீங்க, சீட்டு விழுந்த நாள்லதான் படகு, வேணும்னா பேர் கொடுங்கன்னு சேதி அனுப்பினோம். சனிக்கிழமை மத்தியானம் என் கடையில சீட்டுக் குலுக்கினோம். பேர் அத்தனை இருந்ததால சின்னப் பாத்திரம் பத்தல. வீட்லருந்து பிரியாணி டேக்சாவைக் கொண்டுவந்தேன். குமாரி டீச்சர் சீட்டை ஒவ்வொண்ணா எடுத்தாங்க. சந்தானம் சார் பேர் வந்தது கடைசியா. முகம் தொங்கிப்போச்சு. ஆனா பிடிவாதம் பிடிக்கல. மெதுவா என் பக்கம் சாஞ்சு கேட்டாரு: "மேடம், எனக்கு முன்னாடி போறவங்க யாராவது தும்மிட்டா பூநாரை பறந்துடுமே, அவங்களுக்கு ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பக்கூடாதா?"

ஞாயித்துக்கிழமை

ராத்திரி பூரா எனக்குத் தூக்கமில்ல. சேதியை எத்தனை பேர் படிச்சாங்க, படிச்சவங்க எத்தனை பேர் மதிப்பாங்க, யாருக்குத் தெரியும்? சுபுஹு தொழுதுட்டு என் வீட்டுக்காரரை எழுப்பி ஸ்கூட்டரை எடுக்கச் சொன்னேன். 'பறவைக்காக என்னை எழுப்பின முதல் பொண்டாட்டி நீதான்'னு முனகிக்கிட்டே வந்தாரு.

குப்பத்துக்குத் திரும்பற ரோட்டுல ஒரு ஆளு நிக்கறாரு. சந்தானம் சார்! கழுத்துல கேமரா இல்ல. அம்பத்தூர்ல இருந்து இருட்டோட கிளம்பி வந்திருக்காரு. எங்க கண்ணு முன்னாடியே ஒரு வேன் வந்துச்சு. சார் கையைக் காட்டி நிறுத்தி, பேங்க் கவுண்டர்ல பேசற குரல்ல, 'உங்க சீட்டு எந்தத் தேதிக்கு?'ன்னு கேட்டாரு. சீட்டா, என்ன சீட்டுன்னு அவங்க முழிச்சாங்க. 'இன்னிக்கு இல்லீங்களே. மெஹருன்னிசா மேடம் கடையில பேர் கொடுத்துட்டுப் போங்க'ன்னு அனுப்பிட்டாரு. எந்த அதிகாரமும் இல்ல, ஆனா கவுண்டர்ல அப்படி ஒருத்தர் சொன்னா நாமளும் திரும்பித்தானே போவோம்?

வெயில் வர்ற நேரத்துக்குத் தேசப்பண்ணன் படகு கரைக்கு வந்துச்சு. நான் முதல்ல அவரைப் பார்க்கல, அவருக்குப் பின்னாடி ஏரியைத்தான் பார்த்தேன். பூநாரைங்க அதே இடத்துல, தலையைத் தண்ணியில கவுத்துக்கிட்டு, ஒண்ணும் நடக்காத மாதிரி மேய்ஞ்சிட்டிருக்கு. அப்புறம்தான் கூடையைப் பார்த்தேன், இறால் துள்ளுது. அப்பாடா! அங்கயே மணல்ல உக்காந்துட்டேன். அழுதேனா சிரிச்சேனா எனக்கே தெரியல. தேசப்பண்ணன் நேரா சந்தானம் சார்கிட்ட போனாரு. இவ்ளோ கிட்டக்க கீதே சார், ஒரு படம் புடிக்கக் கேமராவாவது எடுத்துனு வந்திருக்கக் கூடாதான்னு கேட்டாரு. சார் தலையாட்டினாரு: "இன்னிக்கு என் முறை இல்லையே, தேசப்பன்."

கடைசிச் சீட்டு

சார் முறை வரும்போது பங்குனி பிறந்துடுச்சு. தண்ணி வத்தி, பூநாரை நிறைய கிளம்பிப்போய், மிச்சம் கொஞ்சம்தான் தூரத்துல நின்னுச்சு. தண்ணி வத்த ஆரம்பிச்சப்பவே எனக்கு மனசு கேக்காம, யாராவது சாருக்கு நாள் மாத்திக் கொடுங்கன்னு கேட்டிருந்தேன். மாத்தவேண்டாம்னு சார்தான் தடுத்தாரு. தேசப்பண்ணன் தூக்கத்தை விட்டுட்டு, தானே படகைத் தள்ளிக்கிட்டு எவ்வளவு கிட்ட போகமுடியுமோ அவ்வளவு கிட்ட கூட்டிட்டுப் போனாரு.

சாயங்காலம் படம் குழுவுல வந்துச்சு. பின்னால பூநாரைங்க ரோஸ் கலர்ல கலங்கலா, புகை மாதிரி. முன்னால, நட்டநடுவுல, கழியும் கழி மேல கறுப்பு கவரும் பளிச்சுன்னு. கேமரா கவரைத்தான் பிடிச்சிருக்கு! சார் மனசு நோகுமேன்னு ஆளாளுக்கு ஒரு பூவைப் போட்டு நிறுத்திக்கிட்டாங்க. கடைசியில தேசப்பண்ணன் குரல் வந்துச்சு: "சார், சூப்பரா உழுந்திருக்குது. நம்ம கழி, நம்ம பறவை. பெருசா ஒரு காப்பி போட்டுக் குடுங்க, வூட்ல மாட்டணும்."

அந்தக் காப்பியை என் கடையிலதான் போட்டுக் கொடுத்தேன். ஆக, பறவைங்களுக்கு நான் செஞ்ச சேவை இவ்வளவுதான், என் பிரியாணி டேக்சா இந்த சீசன் பூரா சீட்டுங்களோட கடையிலயே கிடந்துச்சு, வீட்ல எல்லாரும் ரசம்சோறு சாப்பிட்டுக்கிட்டு என்னை முறைச்சாங்க.