மதாம் வடகத்தின் பை

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் எனக்கு ஒரு தபால் வந்தது. வாசலுக்கு இல்லை... கம்ப்யூட்டருக்குள்.

திரையின் மூலையில் குட்டியாக ஒரு கடிதப் படம் மினுக் மினுக்கென்று எரிந்தது. நான் சேரிலிருந்து எழுந்தே விட்டேன். அடுப்பில் பால் இருந்தது. பொங்கினால் பொங்கட்டும்! பிரான்சிலிருந்து என் மகள் கயல் அனுப்பியிருக்கிறாள் — அப்படித்தான் நினைத்தேன்.

ஒன்றும் புரியவில்லை, இல்லையா? கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

கயல் கல்யாணமாகிப் பாரீஸ் பக்கம் போய் இரண்டு வருஷம் ஆகிறது. புதுச்சேரியில் இதெல்லாம் ஒரு செய்தியே இல்லை. எங்கள் ரெட்டியார்பாளையத்தில் எந்தத் தெருவில் நின்று கூப்பிட்டாலும், பிள்ளையை அங்கே அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கும் ஒருத்தர் எட்டிப் பார்ப்பார். அவள் அப்பா அதற்கும் முன்பே விசா தேவைப்படாத ஊருக்குப் போய்விட்டார். ஆக, வீட்டில் மிச்சம் நானும் ஒரு ஃபிரிட்ஜும்தான்.

ஞாயிற்றுக்கிழமை போன் வரும். "சாப்ட்டியாம்மா? மாத்திர போட்டியா? அங்க மழையா? சரி, வெச்சுடறேன்." அவ்வளவுதான். ஒரே பாயில் படுத்துக்கொண்டு ஊர்க்கதை முழுக்கப் பேசிய அம்மாவுக்கும் மகளுக்கும் பேச விஷயம் தீர்ந்துபோகும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேனா?

ஒருநாள் கயல்தான் சொன்னாள். "யம்மா, நான் சனிக்கெழம ஒரு கேம் ஆடறேன். நெட்லதான். நீயும் வாயேன்... பேசிக்கினே ஆடலாம்."

எனக்கா? கேமா? ஐம்பத்தேழு வயசில்? ஆனால் "பேசிக்கினே" என்ற சொல் என்னை வீழ்த்திவிட்டது. பிராட்பேண்ட் போட்டேன். ஹெட்போன் வாங்கினேன். மாதச் சந்தாவை மாப்பிள்ளை அங்கிருந்தே கட்டிவிட்டார்.

இது கேரம் போர்டு மாதிரி நாலு பேர் ஆடுவதல்ல. ஒரு பெரிய தேசம். காடு, மலை, கடைத்தெரு எல்லாம் உண்டு. உலகத்தின் பல மூலைகளில் இருந்து ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் உள்ளே வந்து திரிகிறார்கள். ஆளுக்கு ஓர் உருவம், ஒரு பெயர். கயல் நெடுநெடுவென்று காது நீண்ட வீராங்கனை. நான் ஒரு குண்டுக் குள்ளி. பெயர் வைக்கப் போனால் லக்ஷ்மி இல்லை, மீனா இல்லை, எல்லாவற்றையும் எவரோ எடுத்துவிட்டார்கள். வெறுத்துப்போய் அன்று மாடியில் காயவைத்திருந்ததை அடித்தேன் — வடகம். உடனே கிடைத்தது! அதில் ஆடுபவர்கள் பெரும்பாலும் பிரெஞ்சுக்காரர்கள். என்னைக் கண்டால் "போன்சுவார், மதாம் வடகம்" என்று மாலை வணக்கம் எழுதுவார்கள். மதாம் என்றால் சும்மாவா? நம்மூரில் வெள்ளை டவுன் பங்களாக்காரிகளுக்குக்கூட அவ்வளவு சுலபமாகக் கிடைக்காத மரியாதை.

அந்த தேசத்தில் நடப்பது முழுக்கப் பொருள் விவகாரம்தான். ஓநாயை அடித்தால் பல் கிடைக்கும். தூண்டில் போட்டால் மீன் கிடைக்கும். கிடைத்ததைப் பையில் போட வேண்டும். பையில் கட்டம் கட்டமாக இடம். தங்க வாளானாலும் ஒரு கட்டம், கிழிந்த செருப்பானாலும் ஒரு கட்டம். ஒரே ஜாதி மீன் என்றால் மட்டும் ஒரு கட்டத்தில் ஒரு குவியலாகப் போட்டுக்கொள்ளலாம்.

என் பை முதல் நாளே நிரம்பிவிட்டது.

"யம்மா, அந்த ஓநாய்ப் பல்லுலாம் ஒண்ணுத்துக்கும் ஆவாது. தூக்கிப் போடு."

"இருக்கட்டும்டி. எதுக்காச்சும் ஆவும்."

பால் கவரைக் கழுவிக் காயவைத்துச் சேர்ப்பவளிடம் போய்த் தூக்கிப்போடச் சொன்னால்? கடைசியில் அவளே தன் பழைய பை ஒன்றைக் கொடுத்தாள். "உனுக்குன்னு ஒண்ணு கெடைக்கற வரைக்கும் வெச்சுக்கோ."

இன்னொரு நாள் ஒரு மோதிரம் கிடைத்தது. புதுசு வந்தால் போட்டுப் பார்ப்பதுதானே வழக்கம்? போட்டுக்கொண்டேன். ஹெட்போனில் அலறினாள். "அய்யோ, ஏம்மா போட்ட? வித்திருக்கலாமே! போட்டா அது உன்னோட கட்டுப்பட்டுடும். அப்பறம் யாருக்கும் குடுக்க முடியாது."

"தாலி மாதிரியா?"

"தாலியக்கூட கழட்டிடலாம். இது..." என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஓநாய் அடித்தோம். எனக்கு அவள் மேல் கோபமில்லை. அவள் அப்பா போனதைப் பற்றிய பேச்சுக்கு நாங்கள் இரண்டு பேரும் அவ்வளவு பக்கத்தில் வந்தது அன்றைக்குத்தான்.

சனிக்கிழமைகள் இப்படியே இனிமையாகப் போயின. நான் தையல் பழகி — கேமுக்குள்தான் — எனக்கென்று ஒரு பை தைத்துக்கொண்டேன். அப்படியானால் கயலின் பையைத் திருப்பித் தர வேண்டுமே?

இங்கேதான் வந்தது வினை.

அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுப்போமா நாம்? ஒன்றுமில்லாவிட்டால் ஒரு ஸ்பூன் சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். கயலுக்கு நான் சின்ன வயசிலேயே சொல்லிவைத்தது இது. சர்க்கரை தீர்ந்துபோன ஒருநாள் பக்கத்து வீட்டுக் கிண்ணத்தில் தன் பென்சில் ரப்பரைப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தவள் அவள்!

அதனால் அந்தப் பை நிறைய மீன் பிடித்தேன். கேமிலேயே அடுப்பு மூட்டிச் சுட்டேன். நிஜத்தில் பெரிய மார்க்கெட்டுக்குப் போனால் மீன்காரம்மா, "இத்தினியூண்டு மீன எப்பிடிம்மா நான் எட போடறது?" என்று சலித்துக்கொள்வாள். ஒருத்திக்கு எவ்வளவு மீன் வேண்டும்? ரொம்ப நாள் கழித்து, ஒரு குடும்பத்துக்குச் சமைப்பதுபோலச் சமைத்தேன்.

கேமில் கொடுக்கல் வாங்கலுக்கென்று ஒரு ஜன்னல் திறக்கும். பையை அதில் வைத்தேன். சிவப்பு எழுத்தில் திட்டியது — காலியான பையைத்தான் கொடுக்க முடியுமாம்!

"இன்னாடி கயலு இது?"

"ஆமாம்மா. உள்ள இருக்கறதல்லாம் எடுத்துடு. வெறும் பையதான் வாங்கும்."

"வெறும் பையா? எந்த வீட்டுப் பழக்கம்டி அது?"

"கம்ப்யூட்டர் வீட்டுப் பழக்கம்மா" என்று சிரித்தாள்.

விடுவேனா? எல்லாவற்றையும் எடுத்து, பையை ஒரு கட்டத்தில் வைத்து, சுட்ட மீனைப் பக்கத்துக் கட்டங்களில் வைத்தேன். மறுபடி சிவப்பு எழுத்து. இந்தத் தடவை, வாங்குகிறவரின் பைகளில் இடமில்லை என்றது.

"யம்மா... என்கிட்ட எடமே இல்லம்மா. எல்லாம் முக்கியமான சாமான்."

"ஒரு கட்டம்கூடவா இல்ல?"

"அந்த மீனு புதுசா ஆட வர்றவங்க துன்றதும்மா. அத்தத் துன்னா எனுக்கு ஒரு காயம்கூட ஆறாது. நீ வெச்சுக்கோ... அப்பறம் வாங்கிக்கறேன்."

அவள் பிரான்சுக்குக் கிளம்பிய அன்று மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் கேட்ட அதே பேச்சு. எடை கூடிவிட்டது என்று பெட்டியைத் திறந்து, நான் கட்டிக் கொடுத்த வடகத்தையும் மோர்மிளகாயையும் வெளியே எடுத்து என் கையில் கொடுத்தாள். "வெச்சுக்கோம்மா, அடுத்த தடவ எடுத்துக்கறேன்." பாண்டி பஸ்ஸில் அந்தப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மரக்காணம் தாண்டும் வரைக்கும் அழுதேன். பக்கத்து சீட்டு அம்மா, மிளகாய் நெடி என்று நினைத்து ஜன்னலைத் திறந்துவிட்டார்.

கயலை நான் குறை சொல்லவில்லை. பிள்ளைகளின் பை நிரம்பியிருக்க வேண்டும் என்றுதானே கோயில் கோயிலாக வேண்டிக்கொள்கிறோம்? நிரம்பிய பிறகு, அதில் நம் பொட்டலத்துக்கு இடமில்லையே என்று அழுதால் சாமி சிரிக்காதா? சிரிக்கட்டும். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். அந்த தேசத்தில் தபால் பெட்டி உண்டு. தபாலில் அனுப்பினால் அவள் பையில் இடம் வேண்டியதில்லை. தபால் பெட்டியிலேயே காத்திருக்கும். பையையும் மீனையும் சேர்த்து அனுப்பினேன். 'சூடாக இருக்கும்போதே சாப்பிடு' என்று ஆங்கில எழுத்தில் தமிழில் ஒரு வரி எழுதினேன்.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. புது வேலையாம். சனிக்கிழமையும் போக வேண்டுமாம். அதற்கடுத்த வாரங்களிலும் வரவில்லை. நான் மட்டும் போய்த் தபால் பெட்டியருகில் நின்றுகொண்டிருப்பேன். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் ஒரு குதி குதித்து, "போன்சுவார், மதாம் வடகம்!" பதில் சொல்ல எனக்கு பிரெஞ்சு வராது. நானும் ஒரு குதி குதிப்பேன்.

அப்படியிருக்கும்போதுதான் போன வெள்ளிக்கிழமை அந்தக் கடிதப் படம் எரிந்தது.

ஓடினேன்... அதாவது என் குள்ளி ஓடினாள். பெட்டியைத் திறந்தேன். உள்ளே கயலின் பழைய பை. பக்கத்தில் மீன். கீழே என்னுடைய அதே வரி. ஒரு மாதமாக யாரும் திறக்காத தபாலை, அனுப்பியவருக்கே திருப்பிவிடுமாம் அந்தக் கேம். பால் பொங்கி அடுப்பை அணைத்திருந்தது. கேஸைத் திருகி மூடிவிட்டு அடுப்பைத் துடைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. நாலு கேள்வியும் முடிந்தது. இந்தத் தடவை ஐந்தாவதாக ஒன்று கேட்டாள். "யம்மா, கேமுல எனுக்கு எதுனா அனுப்பினியா? நான் உள்ளயே போவல."

"இல்லடி" என்றேன்.

பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவள் நான்தானே? சொன்ன பேச்சைத் தட்டாத பெண்... ஒரு மீன்கூடக் குறையாமல் பை திரும்பி வந்திருக்கிறது!