எழுத்துரு இல்லாமல் அச்சான கல்யாணக் கார்டு

எங்கள் தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் தன் மகளின் கல்யாணக் கார்டுக் கட்டை லுக்குட் என்ற ஊரில் மாப்பிள்ளை வீட்டில் வைத்துப் பிரித்தபோது நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. அப்போது நான் தோட்ட ஆபீசில் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர். கார்டின் வாசகத்தை ஆபீஸ் கணினியில் அடித்துக் கொடுத்தவன் என்பதால் என்னையும் அழைத்துப் போயிருந்தார்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒரு கார்டை எடுத்து, தூரத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு கிட்டத்தில்.

"என்ன மண்டோரே, கல்யாணம் எந்த ஊரு பாஷையில நடக்கப் போவுது?"

"ஏங்க, என்னா இருக்கு?"

"ஞடொழி ஙபறுன்னு போட்டிருக்கு. இது பொண்ணு பேரா, எங்க பையன் பேரா?"

உள்ளே யாரோ சிரித்தார்கள். நான் வாங்கிப் பார்த்தேன். எழுத்தெல்லாம் தமிழ்தான், ஒரு சொல்கூடத் தமிழில்லை. மேலே பிள்ளையார் மட்டும் பளிச்சென்று இருந்தார்.

"அபசகுனம்லா இது," என்றார் தாய்மாமன். "ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒழுங்கான கார்டு வரலன்னா தேதியத் தள்ளி வெச்சுக்கலாம்."

தள்ளி வைப்பது என்றால் என்னவென்று மண்டோருக்குத் தெரியும். அவர் மகளுக்கு ஏற்கெனவே இரண்டு இடம் இப்படித் தள்ளிப்போய், அப்படியே நின்றுபோயிருந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன்: "கடையில வாங்கும்போது படிச்சுப் பாக்கலியா?"

"புள்ளையாரு நல்லா வந்திருந்தாரு கிராணியாரே."

மறுநாள் காலை இருவரும் தெமியாங்கில் கார்டு அடித்த அச்சுக்கடைக்குப் போனோம். சீனக் கடைக்காரர் கார்டைப் பார்த்ததும் பிரிண்டருக்கு வயதாகிவிட்டது என்றார். பிறகு மையைக் குறை சொன்னார், அதன்பின் கேபிளை. எதையும் சோதிக்காமலே மூன்று காரணம் சொல்லும் ஆட்களை ஆபீசில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஓர் ஆங்கிலப் பக்கத்தை அடித்துக் காட்டச் சொன்னேன். சுத்தமாக வந்தது. ஆகவே பிரிண்டரில் குற்றமில்லை.

கோப்பைத் திறக்கச் சொன்னேன். நான் பயன்படுத்திய எழுத்துரு அந்தக் கணினியில் இல்லவே இல்லை. பட்டியலில் வேறொரு தமிழ் எழுத்துரு இருந்ததாம், யாரோ வாடிக்கையாளர் விட்டுப்போனது; அதைப் போட்டு அடித்துவிட்டார். அந்தக் காலத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் எழுத்துகளைத் தன் இஷ்டத்துக்கு அடுக்கி வைத்திருக்கும். ஒன்றில் 'அ' இருக்கும் இடத்தில் மற்றொன்றில் 'ஞ' உட்கார்ந்திருக்கும். இரண்டும் தமிழ்தானே என்று கடைக்காரர் மலாய் மொழியில் கேட்டார்.

இப்படி ஆகும் என்று தெரிந்துதான் இரண்டு டிஸ்கெட் கொடுத்திருந்தேன்: ஒன்றில் கோப்பு, மற்றதில் எழுத்துரு. முதலில் எழுத்துருவை ஏற்றவும் என்று ஒரு சீட்டும் எழுதித் தந்திருந்தேன். சீட்டு மண்டோரின் சட்டைப்பையைவிட்டு வெளியே வரவில்லை. இரண்டாவது டிஸ்கெட் எங்கே என்றேன். போட்டால் கரகரவென்று சத்தம்தான் வருகிறது என்று கடைக்காரர் மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துப் போட்டார்.

டிஸ்கெட்டின் நாலு மூலையிலும் மஞ்சள் பூசியிருந்தது. அதன் தகர மூடியை நகர்த்தினேன், நகரவில்லை. நெம்பியதும் உள்ளே மஞ்சளும் குங்குமமும் குழம்பாகக் காய்ந்திருந்தன.

"பூசைக்கு வெச்சீங்களா?"

மண்டோர் தரையைப் பார்த்தார். "மொதக் கார்ட ஆத்தா காலடியில வெக்கணுமில்லியா. கார்டே இதுக்குள்ளதான் இருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க."

"மஞ்சளு?"

"பூசாரி வெச்சாரு. ரெண்டுல ஒன்னுல மட்டும் கொஞ்சம் தண்ணியாப் போச்சு."

கார்டுக்கு மஞ்சள் வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. மின்சாரப் பெட்டிக்குள் போகிற பொருளுக்குச் சந்தனக்காப்பு வரை போகாமல் நிறுத்தினாரே பூசாரி என்று நினைத்துக்கொண்டேன். படிக்காமல் வாங்கியவர், தெரியாமல் அடித்தவர், யாரும் படிக்காத சீட்டை நம்பிய நான் என்று எல்லார்மேலும் கோபம் வந்தது.

தோட்டத்துக்குத் திரும்பி, எழுத்துருவைப் புது டிஸ்கெட்டில் ஏற்றி, அதை யார் கையிலும் கொடுக்காமல் நானே கொண்டுபோனேன். கடைக் கணினியில் அதை நிறுவி, கணினியை அணைத்துப் போட்டு, ஒரே ஒரு கார்டு அடிக்கச் சொன்னேன். சொல் சொல்லாகப் படித்தேன். மண்டோரையும் படிக்க வைத்தேன். மகள் பெயரை அவர் இரண்டு முறை படித்தார். அதன்பிறகே மீதியை அடிக்க விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் லுக்குட். தாய்மாமன் கார்டை வாங்கி நேராகக் கீழே போனார், உறவினர் வரிசைக்கு. தன் பெயர் தன் கடைசித் தங்கையின் கணவர் பெயருக்கு மேலே இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தார். இருந்தது.

"இதுதான் கார்டு," என்றார்.

"தேதிங்க?" என்றார் மண்டோர்.

"தேதிக்கு என்னா, அப்படியே இருக்கட்டும்லா."

மணப்பெண்ணின் பெயர் இருந்த பக்கம் தாய்மாமன் விரல் போகவே இல்லை. மண்டோர் ஆறிப்போன தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். நான் என்னுடையதைத் தொடாமல் எழுந்தேன்.