எதிர்ப்பு ஓட்டுக்கு ஒரு சவாரி

செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் வெர்லீன் காஸ்ப்ரிக் ஓட்டுகிற வேனில் முதலில் ஏறுகிறவர் டெல்பர்ட் ஹவுக். வயது எழுபத்தேழு. ஒஹாயோவின் அந்தச் சின்ன ஊரில் டிராக்டர் பழுது பார்த்தே முதுகு வளைந்தவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, வாரத்தில் மூன்று நாள் இருபத்தைந்து மைல் தள்ளிப் போய் டயாலிசிஸ் நாற்காலியில் நாலு மணி நேரம் சாய்ந்து கிடக்க வேண்டியிருந்தது. முதியோர் வேனை விட்டால் அவருக்கு வேறு போக்கில்லை. அப்படிப்பட்டவர் வீட்டுப் புல்வெளியில்தான் அந்த அக்டோபரில் ஊரிலேயே பெரிய பலகை நின்றது: “இன்னொரு வரியா? ஆறாவது கேள்விக்கு வேண்டாம் என்று போடுங்கள்!”

வாக்குச்சீட்டின் ஆறாவது கேள்வி இதுதான்: சொத்துவரியைக் கொஞ்சம் கூட்டி முதியோர் வேனை இன்னும் ஐந்து வருஷம் ஓட்டலாமா? ஊர் வேண்டாம் என்றால் டிசம்பரோடு வேன் நிற்கும். வெர்லீனுக்கும் வேலை போகும்.

இதைப் பற்றி அவள் வாய் திறக்கக் கூடாது. வேலை நேரத்தில் ஆதரித்தும் பேசக் கூடாது, எதிர்த்தும் பேசக் கூடாது என்று ஊர் அலுவலகத்தில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். ரேடியோவில் உள்ளூர்ச் செய்தி வந்தால் சத்தத்தைக் குறைத்துவிட்டுச் சாலையைப் பார்ப்பாள். பின்னால் இருப்பவர்களை யார் கட்டுப்படுத்துவது?

“வெக்கமா இல்லயா டெல்பர்ட்? வேன்லயே உக்காந்துகிட்டு வேனுக்கு வேட்டு வைக்கிறியே!” என்பாள் ஓபல் டிரிம்பக். பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள், அவளுக்கும் டயாலிசிஸ்தான்.

“எனக்கு உதவுதுங்கறதுக்காக அடுத்தவன் பையில கைய விடச் சொல்றியா? எங்க தெருவுல பாதிப் பேர் வரி கட்ட முடியாம முழிக்கிறான்,” என்பார் அவர்.

“சரி, நடந்து போ. கைத்தடி நான் வாங்கித் தரேன்,” என்பாள் லூடி பிராக்கன். முழங்கால் அறுவை முடிந்து அதே மருத்துவமனைக்குப் பயிற்சிக்கு வருகிறவள்.

தேர்தல் நாளும் செவ்வாய்க்கிழமையாகவே வந்தது. வெர்லீன் விடிந்ததுமே போய்த் தன் ஓட்டைப் போட்டுவிட்டு வேனை எடுத்தாள். மதியம் மூவரையும் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது டெல்பர்ட் வழக்கத்தைவிட வெளிறிப்போயிருந்தார். ஊர் எல்லை வந்ததும் தொண்டையைச் செருமினார்.

“வெர்லீன், ஒண்ணு கேக்கணும். சாயங்காலம் கூட்டிட்டுப் போறேன்னு சொன்ன பக்கத்து வீட்டுக்காரன் காய்ச்சல்னு படுத்துட்டான். தீயணைப்பு நிலையத்துல ஒரு நிமிஷம் நிறுத்துவியா? ஓட்டு போடணும்.”

அவர் என்ன ஓட்டுப் போடுவார் என்று ஊருக்கே தெரியும்.

வழியில் நிறுத்தக் கேட்டால் நிறுத்தலாம் என்பது விதி. நேரமில்லை என்று சொன்னாலும் யாரும் அவளைக் குறை சொல்லப் போவதில்லை. வெர்லீனுக்குத் தன் கணவன் ரே ஞாபகத்துக்கு வந்தான். புற்றுநோயில் அவன் கிடந்த இரண்டு வருஷமும், அவள் பள்ளிப் பேருந்து ஓட்டப் போன நேரங்களில், இதே வேன்தான் அவனைச் சிகிச்சைக்குச் சுமந்தது. அப்போது ஓட்டிய மனிதர் ரேயிடம் ஒருநாளும் நீ எந்தக் கட்சி, எதற்கு ஓட்டு என்று கேட்டதில்லை. கதவைத் திறந்து, கை கொடுத்து இறக்கிவிடுவார். அந்த நன்றிக்காகத்தான் ரே போன பிறகு அவள் இந்த வேலையைக் கேட்டு வாங்கினாள்.

“நிறுத்துறேன். லைசென்ஸ் கையில இருக்கா? அடையாளத்துக்குக் காட்டச் சொல்லுவாங்க,” என்றாள்.

தீயணைப்பு நிலைய வாசலில் கைத்தாங்கலாக அவரை இறக்கினாள். திரும்பிப் பார்த்தால் பின்னாலேயே ஓபல் படியில் கால் வைத்துக்கொண்டிருந்தாள்.

“நீங்க எங்க?”

“இந்தத் தடவ போட வேணாம்னுதான் இருந்தேன். டயாலிசிஸ் முடிஞ்சா வீட்டுக்குப் போய் விழத்தான் தோணுது. வாசல்வர வந்தாச்சு, இவன் மட்டும் போட்டுட்டு வரதா? லூடி, நீயும் எறங்குடி!”

“முட்டி வலிக்குதுடி.”

“வலிக்கட்டும். வா!”

மூவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். வெர்லீன் வாசலிலேயே நின்றாள். சட்டையில் ‘ஓட்டுப் போட்டேன்’ என்ற சின்ன ஒட்டுச்சீட்டோடு மூவரும் வெளியே வந்தார்கள்.

“உங்கிட்ட மறைக்க மாட்டேன். வேண்டாம்னுதான் போட்டேன்,” என்றார் டெல்பர்ட்.

“தெரியும். படி பாத்து ஏறுங்க,” என்றாள் அவள்.

மறுநாள் காலை ரேடியோவில், ஆறாவது கேள்விக்கு இரு பக்கமும் ஏறக்குறைய சமம், முடிவு சொல்ல முடியாது என்றார்கள். மறு எண்ணிக்கை முடிய மூன்று வாரமானது. வேண்டும் என்று நானூற்றுப் பதினொன்று. வேண்டாம் என்று நானூற்றுப் பத்து. வேன் பிழைத்தது.

முடிவு வந்த வாரம் வியாழக்கிழமை ஓபல் ஏறும்போதே சிரித்துக்கொண்டு ஏறினாள். “டெல்பர்ட், கணக்கு வருமா உனக்கு? அன்னைக்கு நீ நிறுத்தச் சொல்லலன்னா நான் போயிருக்க மாட்டேன், லூடியும் போயிருக்க மாட்டா. வேணும்ங்கறதுல எங்க ரெண்டு கொறையும், வேண்டாம்ங்கறதுல உன்னோடது ஒண்ணு கொறையும். ரெண்டும் சமம். சமம்னா தோல்வியாம்! வேன காப்பாத்துனது நீதான்!”

டெல்பர்ட் விரல்விட்டு எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, லூடி முதுகைத் தட்டிவிட வேண்டியிருந்தது.

“வரி தப்புதான், அத மாத்திச் சொல்ல மாட்டேன்,” என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. அப்புறம் முன்பக்கம் குனிந்தார். “ஆனா வெர்லீன், உன் சோத்துல மண்ணள்ளிப் போட வந்தவனக் கைபுடிச்சு எறக்கிவிட்ட பாரு, அத நான் மறக்கல. ரொம்ப நன்றிம்மா.”

“நானும் ஒருத்தருக்கு நன்றிக்கடன் பட்டவதான்,” என்றாள் அவள். யாருக்கு, எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

வெளியே அந்த வருஷத்தின் முதல் பனி விழ ஆரம்பித்தது. பின் இருக்கையில், வசந்தத்தில் தீயணைப்பு வண்டிக்காக வரப்போகிற வாக்கெடுப்பைப் பற்றி மூவரும் அதற்குள் சண்டையைத் தொடங்கியிருந்தார்கள். வெர்லீன் ரேடியோவை அணைத்துவிட்டு, மெதுவாக ஓட்டினாள்.